சம்மட்டி வீரனும் இரத்தக் கொதிப்பும்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழிவழியாக வழங்கி வரும் கதை ஒன்று உண்டு. ஜான் ஹென்றி என்பவன் இருப்புப்பாதைத் தொழிலாளி. மலையைக் குடையும் இடத்தில், எஃகு உளியைச் சம்மட்டியால் அடித்துப் பாறையில் துளையிடுவது அவன் தொழில். ஒரு நாள் நீராவியால் இயங்கும் துளைப்பொறி அங்கு வந்து சேர்ந்தது. அப்பொறியோடு அவன் போட்டியிட்டான், வென்றான். வென்றதும், பிடித்த சம்மட்டி பிடித்தபடியே கீழே சாய்ந்து உயிர் நீத்தான்.

வெற்றி அவனுடையதா, பொறியினுடையதா? கதையில் எழும் இக்கேள்வியை மருத்துவ ஆராய்ச்சிக்குள் கொண்டு வந்தவர் ஷெர்மன் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஆவார். மக்களிடையே நோய்கள் தோன்றிப் பரவும் காரணங்களை ஆராய்வது அவர் துறை.

1978ஆம் ஆண்டில் அவர் வட கரோலினா மாநிலத்தில் முதிய கறுப்பின உழவர் ஒருவரைச் சந்தித்து உரையாடினார். அம்முதியவர் 1907இல் பிறந்தவர். வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பம். இரண்டு வகுப்பே படிப்பு. விளைச்சலின் பெரும்பகுதி நிலவுடைமையாளருக்கும் கடனுக்குமே போய்விடும் வாழ்வு அது. அவரோ தாமே எழுதப் படிக்கக் கற்றார். கடன் வாங்கி 75 ஏக்கர் நிலம் வாங்கினார். நாற்பது ஆண்டுகளில் தீர்க்க வேண்டிய அக்கடனை இரவு பகலாக உழைத்து ஐந்தே ஆண்டுகளில் தீர்த்தார். ஆனால் அறுபது வயதை எட்டுமுன்னரே இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், வயிற்றுப் புண் ஆகிய மூன்றும் அவரைப் பற்றிக்கொண்டன. இரைப்பையில் நூற்றுக்கு நாற்பது பங்கை அறுத்து அகற்ற நேர்ந்தது. உரையாடலுக்கிடையே அவர் மனைவி உணவுக்கு அழைத்த போதுதான் ஜேம்ஸ் அவருடைய முதற்பெயரை அறிந்தார். அதுவும் ஜான் ஹென்றி!

உழைப்பு உடலைக் கெடுக்குமா? இதற்கு விடை காண உடலின் அமைப்பை நோக்க வேண்டும். ஆபத்து எதிர்ப்படும்போது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் நீர்களை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை மிகுகிறது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இது பேருதவி. புலி போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புலி போகாமலே இருந்தால்? ஓயாமல் ஏறி நிற்கும் அழுத்தத்தால் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகுகின்றன. இதயமும் சிறுநீரகமும் நலிகின்றன. இவ்வாறு நாள்தோறும் சேரும் தேய்மானத்தை, உடல் சுமக்கும் பாரமாகவே 1993இல் புரூஸ் மக்யூவன், எலியட் ஸ்டெல்லர் என்னும் அறிஞர்கள் விளக்கினர்.

நிறவேற்றுமை அத்தகைய போகாத புலி. கடையில் ஐயுறும் பார்வை, வேலை கேட்ட இடத்தில் மறுப்பு, நாளையும் இது நேரும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை உடலை ஓயாது விழித்திருக்கச் செய்கின்றன.

முயன்றால் எதையும் வெல்லலாம் என்ற உறுதியை அளக்க, ஜேம்ஸ் பன்னிரண்டு கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். எட்ஜ்கோம் வட்டாரத்துக் கறுப்பின மக்களிடையே செய்த ஆய்வின் முடிவு 1987இல் வெளிவந்தது. அவ்வுறுதி மிக்கவர்களுள், கல்வியும் நல்ல தொழிலும் வாய்க்காதவர்க்கு, வாய்த்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இரத்தக் கொதிப்பு காணப்பட்டது. பிற்காலத்து ஆய்வுகள் எல்லா இடங்களிலும் இதே முடிவைத் தரவில்லை. எனினும் ஜார்ஜியா மாநிலச் சிற்றூர்களின் கறுப்பின இளைஞரைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வும் இதை ஒத்த ஒன்றையே காட்டியது. வறுமையிலும் தன்னடக்கத்தோடு முன்னேறிய இளைஞர்கள் மனத்தளவில் நலமாக இருந்தனர். உடலிலோ தேய்மானத்தின் அடையாளங்கள் மிகுந்திருந்தன.

இஃது அவ்வினத்தாரின் குருதியிலேயே உள்ள குறை என்பாரும் உளர். 1997இல் வெளிவந்த ஒப்பாய்வு ஒன்று அவர்களுக்கு விடை கூறுகிறது. இரத்தக் கொதிப்பு மேற்கு ஆப்பிரிக்காவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடமும், அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களுள் கரீபியன் தீவுகளில் இருபத்தாறு பேரிடமும், அமெரிக்காவில் முப்பத்து மூன்று பேரிடமும் இருந்தது. மூதாதையர் ஒரே நிலத்தவர். நோயின் அளவோ வேறு. உணவும் உடற்பருமனும் இதில் பங்கு கொண்டவையே. ஆனால் குருதி மட்டுமே காரணம் என்ற வாதம் நிற்காது.

அப்படியாயின், உழைக்காதே என்று ஏழைக்கு அறிவுரை கூறுவதா? அன்று. எட்ஜ்கோம் ஆய்வையே மீண்டும் நோக்குக. அதே விடாமுயற்சி, கல்வியும் தொழிலும் உடையவர்க்குத் தீங்காக முடியவில்லை. திறந்த கதவை நோக்கி நடப்பவனை நடை களைப்பிப்பதில்லை; பூட்டிய கதவைத் தோளால் இடிப்பவனுக்கே எலும்பு முறிகிறது. மன அமைதி, உறவினர் ஆதரவு, காலத்தில் மருத்துவம் ஆகியவை வலியைத் தணிக்கும். பூட்டைத் திறக்கும் கடமையோ சமுதாயத்தினுடையது.

தடைகளைக் கடந்து உயர்ந்தவனைப் பாராட்டும்போது, அவன் ஏறிய உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. அவ்வுயரத்துக்கு அவன் உடல் செலுத்திய விலையையும் கேட்டறிதல் வேண்டும்.