டீத்தூள் ஏன் கறுப்பு?

தங்கை மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். செல் சுவர்: அதற்கு உண்டு, இதற்கு இல்லை. பசுங்கணிகம்: உண்டு, இல்லை. நுண்குமிழி: பெரியது, சிறியது. "இதெல்லாம் எதுக்கு பெரியம்மா?" என்றாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.

வால்பாறையில் பறிக்கும்போது கொழுந்து நல்ல பச்சை. டப்பாவில் இருக்கும் தூளோ கறுப்பு. வறுப்பதால் கறுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உலர்த்தும் அடுப்புக்குப் போகுமுன்பே இலை செம்பு நிறத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் செல்லுக்குள் இருக்கிறது.

இலையின் ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். வெளியே செல்லுலோஸால் ஆன சுவர், அதை ஒட்டி உள்ளே மெல்லிய சவ்வு. நடுவில் நீர் நிறைந்த ஒரு பை, அதுதான் நுண்குமிழி. முதிர்ந்த தாவர செல்லில் 80 முதல் 90 சதவீத இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். உட்கருவும் பசுங்கணிகங்களும் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். வாடிய கீரைமேல் தண்ணீர் தெளித்தால் நிமிர்கிறதே, அந்தப் பை நிரம்பிச் சுவரை உந்துவதால்தான். சுவர் தாங்கிக்கொள்கிறது. நம் ரத்தச் சிவப்பணுவுக்குச் சுவர் கிடையாது. வெறும் தண்ணீரில் போட்டால் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்புநீராக இருப்பது இதனால்தான்.

தேயிலையின் அந்தப் பைக்குள் கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அதை நிறம் மாற்றக்கூடிய நொதி பசுங்கணிகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தும், இலை முழுதாக இருக்கும்வரை சந்திப்பதில்லை. இடையில் இருப்பது சவ்வு மட்டும்தான், கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, பிறகு உருளைகளின் பற்களுக்கிடையே நசுக்குகிறார்கள். சவ்வுகள் கிழிகின்றன. நொதியும் கேட்டகினும் கலக்க, காற்றின் ஆக்சிஜனும் சேர, பச்சை மறைந்து செம்மை ஏறுகிறது. பிறகு வெங்காற்றில் உலர்த்துவது நொதியை நிறுத்தி ஈரத்தைப் போக்கத்தான்; உலர உலர அந்தச் செம்மை கறுப்பாக அடர்கிறது. பறித்தவுடனே ஆவி காட்டினால் நொதி முதலிலேயே செயலிழந்துவிடும். அதுதான் கிரீன் டீ. நறுக்கிய வாழைப்பூ கறுப்பதும் இதே கதைதான். அம்மா அதை மோர்த்தண்ணீரில் போடுவாள்; மோரின் புளிப்பு நொதியை மந்தமாக்கிவிடும்.

சவ்வு என்றால் உள்ளே விடும், வெளியே விடும் என்று மட்டும் படிக்கிறோம். கலக்கக் கூடாதவற்றைப் பிரித்து வைப்பதுதான் அதன் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. செல் உயிரோடு இருப்பதே அதனால்தான்.

"பசுங்கணிகம் இருக்கறதால செடிக்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டாம்தானே?" என்றாள். நிறையப் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். வேண்டும். பசுங்கணிகம் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து வேலைக்கான ஆற்றலை எடுக்க மாட்டுக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும், செடிக்கும் வேண்டும். மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் வேர் செல்லை நினைத்துப் பார்.

அடுத்து பால். பசுவின் மடியிலுள்ள சுரப்பு செல்லில் கேசின் என்ற புரதத்துக்கான குறிப்பு உட்கருவிலிருந்து வருகிறது. எண்டோபிளாச வலைமேல் ஒட்டியிருக்கும் ரைபோசோம்கள் அதைப் பார்த்துப் புரதத்தைக் கோக்கின்றன. அது கோல்கை என்ற நுண்ணுறுப்புக்குப் போகிறது. பாலின் இனிப்பான லாக்டோஸ் தயாராவதும் அந்தக் கோல்கையில்தான். லாக்டோஸ் சேரச் சேர நீரும் உள்ளே இழுக்கப்படுகிறது. பால் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. பிறகு சிறு பைகளில் அடைபட்டு, செல்லின் விளிம்பில் திறந்து, வெளியே கொட்டுகிறது. கொழுப்புத் துளி மட்டும் வேறு வழியில் போகும்: வெளியேறும்போது செல் சவ்வில் ஒரு துண்டைத் தன்மேல் போர்த்திக்கொண்டே போகும். மத்தால் கடையும்போது நாம் கிழிப்பது அந்தப் போர்வையைத்தான். போர்வை போனதும் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரள்கிறது.

டீயை வடிகட்டி, பால் ஊற்றாமல் ஒரு வாய் குடிக்கச் சொன்னேன். முகம் சுளித்தாள், நாக்கு வறண்டுபோனதாகச் சொன்னாள். துவர்ப்புப் பொருள்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் அப்படி. பிறகு பால் ஊற்றிக் கொடுத்தேன். இப்போது அவை பிடித்துக்கொள்ளக் கேசின் இருக்கிறது. நாக்குக்கு வருவது குறைவு. இரண்டாவது வாயைக் குடித்துவிட்டு, தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.