திட்டு வாங்கிய மூன்று ஜனாதிபதிகள்

நடுவர் அவர்களே! எனக்குப் பின்னால் வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

"நாட்டை ஆளுகிற தலைவரைக் கட்சிக்காரர் ஒருவர் விமர்சித்து எழுதினால், அதைப் படிக்கிறவர் தெளிகிறாரா, குழம்புகிறாரா?" இதுதான் தலைப்பு. தெளிகிறார் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவி ரொம்ப அழகாகச் சொன்னாங்க. "எழுத்தை எவன் படிக்கிறான்? எழுதினது யாருன்னுதான் பார்க்கிறான். நம்ம ஆளா, கை தட்டுறான். அந்தப் பக்கத்து ஆளா, கல்லை எடுக்கிறான்" என்றார். நானும் கை தட்டினேன் ஐயா. ஏன்னா, அவங்க சொன்னதில் பாதி சத்தியமான உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் நான் எழுந்து நிற்கிறேன். அதுக்கு உங்களை இருநூறு வருஷத்துக்கு மேல பின்னாடி, அமெரிக்காவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். பயப்படாதீங்க, விசா வேண்டாம்.

முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். 1789-ல் பதவிக்கு வந்தார். வாக்களித்த தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்கே போட்டார்கள். நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த தளபதி ஆச்சே! ஆனா நாலு வருஷம் போகல, அவர் அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு கட்சி. நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்ட்டுகள். வெளியுறவைக் கவனித்த தாமஸ் ஜெபர்சன் பக்கம் ரிபப்ளிகன்கள். (இன்றைக்கு இருக்கிற ரிபப்ளிகன் கட்சி வேற. அது 1854-ல் பிறந்தது. குழப்பிக்கக் கூடாது.)

பிலிப் ஃபிரெனோ என்று ஒரு கவிஞர். 1791-ல் 'நேஷனல் கெஜட்' என்று பத்திரிகை தொடங்கினார். ஜெபர்சன் அவருக்குத் தம்முடைய இலாகாவிலேயே மொழிபெயர்ப்பாளர் வேலை போட்டுக் கொடுத்தார். வருஷத்துக்கு 250 டாலர். அந்த ஃபிரெனோ செய்த முக்கிய வேலை என்ன தெரியுமா? அரசாங்கத்தைத் திட்டுவது! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறதுன்னு நாம சொல்றோமே, அது பிலடெல்ஃபியாவிலயும் உண்டு போல.

1793 ஆகஸ்ட். அமைச்சரவை கூடியிருக்கு. போர்த்துறை அமைச்சர், சும்மா இருக்காம, ஒரு கேலிப் பிரசுரத்தைப் பற்றிப் பேச்சை எடுத்துட்டார். வாஷிங்டனைக் கொலைக்கருவியில் கிடத்துற மாதிரி ஒரு நையாண்டி. அவ்வளவுதான்! மலை மாதிரி அசையாதவர்னு பேர் வாங்கின மனுஷன் வெடிச்சுட்டார். இந்தப் பதவிக்குச் சமாதியே மேல் என்கிறார். உலகத்துக்கே சக்கரவர்த்தியா இருக்கிறதைவிட என் தோட்டத்தில் இருப்பேன் என்கிறார். அதோட, "அந்தப் போக்கிரி ஃபிரெனோ தினமும் தன் பத்திரிகையை எனக்கு மூணு மூணு பிரதி அனுப்புறான், நான் என்ன அவனுக்கு ஏஜெண்டா?" என்கிற பொருளில் கத்துகிறார். இதைக் குறிப்பு எழுதி வைத்தது யார்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அதே ஜெபர்சன்!

சிரிக்கிறீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. கோபம் வந்த வாசகர் நாட்டுக்கே ஜனாதிபதி. கையில் அதிகாரம் இருக்கு. என்ன செய்தார்? ஃபிரெனோவுக்கு அந்த வேலை எதுக்குன்னு ஜெபர்சனிடம் முன்னாடியே ஜாடை காட்டிப் பார்த்தார். ஜெபர்சன் காதில் வாங்கல. வாஷிங்டன் அதோடு விட்டுட்டார். வழக்கு இல்லை, சிறை இல்லை. அந்த வருஷம் அக்டோபரில் பத்திரிகை பணமில்லாம தானே நின்னு போச்சு. காது கசக்கிற சொல்லைப் பொறுக்கிறவன்தான் அரசன்னு வள்ளுவர் சொன்னாரே, அதுக்கு ஒரு நடமாடும் உரை என்று வேணும்னா வாஷிங்டனைச் சொல்லலாம். கத்திக்கிட்டே பொறுத்தார் என்பது வேற விஷயம்.

அடுத்து வந்தவர் இன்னும் கடுமை. பெஞ்சமின் ஃபிராங்ளின் பேச். மின்னலைப் பட்டம் விட்டு ஆராய்ந்த அந்த ஃபிராங்ளினுடைய மகள்வயிற்றுப் பேரன். 'அரோரா' என்பது அவர் பத்திரிகை. வாஷிங்டனால் தேசமே கெட்டுப் போச்சுன்னு எழுதினார். அவர் பதவியைவிட்டுப் போன நாளை நாடு கொண்டாடணும்னு எழுதினார். அதையெல்லாம் விமர்சனம்னு விட்டுடலாம். ஆனா யுத்த காலத்தில் வாஷிங்டன் எழுதியதாகச் சொல்லப்பட்ட போலிக் கடிதங்களை எடுத்து மறுபடியும் பரப்பினாரே, அது தப்பு நடுவரே. எங்கள் அணிக்கு உதவுறார் என்பதற்காக நான் அதை மறைக்க மாட்டேன். வாஷிங்டன் அதுக்குக் கூட உடனே பதில் சொல்லல. பதவியின் கடைசி நாள், 1797 மார்ச் 3, அன்னைக்குத்தான் 'இவை என்னுடையவை அல்ல' என்று ஒரு கடிதம் எழுதி அரசாங்கக் கோப்பில் வைக்கச் சொன்னார்.

சரி, சாதாரண வாசகர்கள் என்ன செய்தாங்க? அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகையை ஒருத்தர் வாங்கிப் படிக்கிறதோட நிக்காது. மதுக்கடையில் ஒருத்தர் சத்தமாப் படிப்பார், சுத்தி இருக்கிறவங்க கேட்பாங்க. நம்ம ஊர் டீக்கடை மாதிரின்னு வெச்சுக்குங்க. விவாதமும் அங்கேயே, கைகலப்பும் அங்கேயே. 1797 ஏப்ரலில் பேச், கட்டுமானத்தில் இருந்த ஒரு போர்க்கப்பலைப் பார்க்கப் போனார். கப்பல் கட்டுகிறவருடைய மகன் வந்தான், விட்டான் குத்து! வாஷிங்டனைப் பற்றி எழுதியதுக்கு அது வாசகர் கடிதம். நீதிமன்றம் 50 டாலர் அபராதம் போட்டது. அடுத்து வந்த அரசு அதே இளைஞனை அரசாங்கக் கடிதம் கொடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தது. 1798 மே மாதம் ஒரு கூட்டம் பேச் வீட்டு ஜன்னலை உடைத்தது. எதிரணித் தலைவி சொன்ன கல் இதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

இப்ப இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ். அவரைவிட முக்கியமான வாசகி அவர் மனைவி அபிகெய்ல். ரொம்பப் படித்த, ரொம்பத் துணிச்சலான அம்மா. கணவரைக் கிழவர், வழுக்கை, குருடு, பல்லில்லாதவர்னு அரோரா வர்ணிச்சுது. அந்த அம்மா அதை அப்படியே தன் சகோதரிக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினாங்க. வீட்டுக்காரரை ஊரே பேசினா வலிக்கத்தானே செய்யும்? இவர்களை அடக்கச் சட்டம் வரணும்னும் எழுதினாங்க. வலி நியாயம். கேட்ட மருந்துதான் விஷம்.

மருந்து வந்தது. பிரான்சோடு யுத்தம் வரும் என்ற பயம் நாடு முழுக்க இருந்த நேரம். 1798 ஜூலை 14-ல் ஆடம்ஸ் ராஜத்துரோகச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தையோ, காங்கிரஸையோ, ஜனாதிபதியையோ பொய்யாக, அவதூறாகத் தீய எண்ணத்தோடு எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. இதில ஒரு வேடிக்கை பாருங்க. துணை ஜனாதிபதியின் பெயர் பட்டியல்லயே கிடையாது. அவரை யார் வேணும்னாலும் திட்டிக்கலாம்! ஏன்? அப்ப துணை ஜனாதிபதி ஜெபர்சன், எதிர்க்கட்சி! சட்டம் காலாவதியாகும் நாளும் அதிலேயே எழுதியிருந்தது: 1801 மார்ச் 3. ஆடம்ஸின் பதவிக்காலத்தோட கடைசி நாள். அதுக்கு அப்புறம் வேற யாராவது வந்தா, அவர் திட்டு வாங்கட்டும்!

பேச்சைப் பழைய பொதுச் சட்டத்தின்கீழ் ஜூன் மாதமே கைது பண்ணிட்டாங்க. வழக்கு விசாரணைக்கே வரல. செப்டம்பரில் பிலடெல்ஃபியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. இறந்து போனார். வயசு 29. சில வாரம் கழித்து அரோரா மறுபடி வந்தது. நடத்தியவர் அவருடைய விதவை மனைவி.

சிரிக்கவும் ஒரு வழக்கு உண்டு. அதே 1798 ஜூலையில் ஆடம்ஸ் நியூவார்க் ஊர் வழியாப் போறார். மரியாதைக்கு பீரங்கி வெடிக்கிறாங்க. மதுக்கடைப் பக்கம் ஒருத்தர், "ஜனாதிபதி போறார், அவர் பின்பக்கத்தைப் பார்த்துச் சுடறாங்கடா" என்றார். லூதர் பால்ட்வின் என்கிற இன்னொருத்தர், தண்ணியில் இருந்தவர், "பின்பக்கத்துக்குள்ளேயே பாய்ஞ்சாலும் எனக்கு ஒண்ணுமில்லை" என்றார். 150 டாலர் அபராதம்! நுணல் தன் வாயால் கெட்டது. ஆனா கெட்டது நுணல் மட்டுமா? அதுவரை அந்தக் கடையில் இருந்த நாலு பேருக்குத் தெரிந்த வார்த்தை, வழக்குக்குப் பிறகு நாடு முழுக்கப் பத்திரிகையில் வந்தது.

இனி என் முக்கியமான சாட்சி. மாத்யூ லயன். அயர்லாந்தில் பிறந்து கூலி ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த ஏழைப் பையன், வெர்மான்ட் மாநிலத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினரானார். சபைக்குள்ளேயே ஒருத்தர் முகத்தில் துப்பினவர். அவர் என்ன புத்தனான்னு கேட்காதீங்க, இல்லை. ஆடம்ஸுக்கு ஆடம்பர ஆசை, முகஸ்துதி மோகம், பேராசை என்று ஒரு கடிதம் எழுதினார். எழுதியது ஜூனில், சட்டம் வருமுன். பத்திரிகையில் வந்தது ஜூலைக் கடைசியில், சட்டம் வந்த பிறகு. 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் ஊர்ச் சிறையில், வெர்மான்ட் குளிரில் அடைத்தார்கள். மன்னிப்புக் கேட்டு ஊர் மக்கள் ஜனாதிபதிக்கு மனுப் போட்டாங்க. மனுவில் லயன் கையெழுத்து இல்லையே, அவர் வருந்தணுமேன்னு ஆடம்ஸ் மறுத்துட்டார்.

இப்ப வாசகர் என்ன செய்தார்? 1798 டிசம்பரில் தேர்தல். வேட்பாளர் சிறைக்குள்ளே. போஸ்டர் இல்லை, மைக் இல்லை. ஜெயிச்சார்! அதே கடிதத்தைப் படித்தவர்கள்தான் ஓட்டுப் போட்டாங்க. அவர் அபராதத்தைக் கட்டச் சீட்டுக் குலுக்கல் நடத்தறோம்னு விளம்பரம் போட்டதற்காக ஆன்டனி ஹாஸ்வெல் என்ற பத்திரிகை ஆசிரியருக்கும் 2 மாதச் சிறை கிடைத்தது. அப்படியும் அடங்கினாங்களா? சட்டம் இருந்த அந்த மூணு வருஷத்தில் எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் குறையல ஐயா, கூடின.

1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். இந்தச் சட்டம் ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. வரி இருந்தது, ராணுவச் செலவு இருந்தது. சொந்தக் கட்சி ஹாமில்டனே ஆடம்ஸைத் தாக்கி ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். வீட்டுக்குள்ள இருக்கிறவன் திட்டினா வெளியில இருக்கிறவன் எதுக்கு? ஜெபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் சம ஓட்டு. பிரதிநிதிகள் சபையில் 36 தடவை ஓட்டெடுப்பு. 1801 பிப்ரவரி 17-ல், வெர்மான்ட்டின் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அந்த மாநிலத்தின் வாக்கை ஜெபர்சனுக்குப் போட்டவர் யார்? சிறைக்குப் போன நம்ம லயன்!

எதிரணியினர் சிரிக்கிறாங்க, "ஜெபர்சன் கதையைச் சொல்லு"ன்னு. சொல்றேன். ஜேம்ஸ் காலெண்டர்னு ஒரு எழுத்தாளர். ஆடம்ஸைத் திட்டிப் புத்தகம் எழுதினார். அச்சுத்தாள்களைப் பார்த்துப் பாராட்டிக் கடிதம் எழுதினார் ஜெபர்சன், பணமும் கொடுத்தார். காலெண்டருக்கு 9 மாதச் சிறை, 200 டாலர் அபராதம். ஜெபர்சன் ஜனாதிபதி ஆனதும் மன்னிப்புக் கொடுத்தார். காலெண்டர் கேட்டது தபால் அதிகாரி வேலை. அது கிடைக்கல. 1802-ல் அதே பேனா ஜெபர்சன் பக்கம் திரும்பியது. சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணிடம் ஜெபர்சனுக்குக் குழந்தைகள் இருப்பதாக எழுதினார்.

இப்பப் பாருங்க வாசகர்களை! நேத்து வரைக்கும் காலெண்டரைத் தியாகி என்றவர்கள், "பொய்யன், குடிகாரன்" என்றார்கள். நேத்து வரைக்கும் போக்கிரி என்றவர்கள் ஆனந்தமாப் படித்தார்கள். ஆள் அதே ஆள். மை அதே மை. எதிரணித் தலைவி வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். 1804-ல் அபிகெய்ல் அம்மா ஜெபர்சனுக்குக் கடிதம் போட்டாங்க: நீங்க பாலூட்டி வளர்த்த பாம்பு உங்களையே கடிச்சுதா என்ற பொருளில். ஜெபர்சனுக்குப் பதில் சொல்வது எளிதாயிருந்திருக்காது. ஏன்னா, ராஜத்துரோகச் சட்டத்தை எதிர்த்த அந்த ஜெபர்சனே 1803-ல் பென்சில்வேனியா ஆளுநருக்கு, மாநில அளவில் சில பத்திரிகைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டால் நல்லதுன்னு எழுதியிருந்தார். நாற்காலி மாறினா நாக்கு மாறுது.

ஆனா நடுவரே, கதை 1804-ல் முடியல. 1998-ல் மரபணு ஆய்வு செய்தார்கள். ஜெபர்சன் வம்சத்து ஆண்வழிக்கும் சாலி ஹெமிங்ஸின் கடைசி மகன் வம்சத்துக்கும் தொடர்பு தெரிந்தது. இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கிறார்கள். எழுதினவன் நோக்கம் பழிவாங்கல்தான், நடையும் அசிங்கம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணையும் அவர் குழந்தைகளையும் பற்றி அச்சில் முதலில் ஊரறியச் சொன்னது அந்த அசிங்கமான கட்சிப் பேனா. அன்னைக்கு அதை ஒரு சட்டம் பிடுங்கிப் போட்டிருந்தா, பின்னாடி வந்த வாசகர் எதைப் பிடிச்சுத் தேடியிருப்பார்? அவர் தெளிய 196 வருஷம் ஆச்சு. லேட்டுதான். எங்கள் அணி "தெளிகிறார்" என்று சொன்னது. "உடனே தெளிகிறார்" என்று சொல்லவில்லை.

மணி அடிச்சுட்டீங்க, ஒரு நிமிஷம் ஐயா. லயன் கட்டின அபராதம் இருக்கே, அந்த 1,000 டாலர், அது என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 1822-ல் லயன் காலமானார். 1840-ல் அமெரிக்கக் காங்கிரஸ், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே சபை, பணத்தை அவர் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் போட்டது. வட்டியோட.