அடுப்படி அலமாரியில் நாலு புத்தகங்கள்

"புத்தகம் படிச்சா பணம் வருமா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். வருகிறதோ இல்லையோ, கையில் இருக்கிறது போகாமல் இருக்கும் என்றேன்.

சகோதரிகளே, நான் மூன்று வருஷமாக வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி செய்து விற்கிறேன். இவர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு சின்னவளின் காலேஜ் ஃபீஸ் இதிலிருந்துதான் வருகிறது. பத்தாவது படித்த எனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கிளை நூலகம் இருந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்!

முதலில் நான் சொல்வது காந்தியடிகளின் 'சத்திய சோதனை'. "அது தலைவருங்க படிக்கிறதாச்சே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். லண்டனில் படித்தபோது பஸ் செலவு, தபால் செலவு வரை எழுதி, தினமும் படுக்கும் முன் கணக்கை முடித்துவிடுவாராம். பின்னாளில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தைக் கையாண்டபோதும் அந்தப் பழக்கமே கைகொடுத்தது என்கிறார். அன்றே நானும் ஒரு நோட்டுப் போட்டேன். மிளகாய், மல்லி விலையோடு கேஸ், அரவைக் கூலி, கவர், ஆட்டோ எல்லாம் அதில் ஏறின. என் உழைப்புக்கும் ஒரு கூலி எழுதினேன். (நாம் யாரும் எழுதுவதில்லை, கவனித்தீர்களா?) கூட்டிப் பார்த்தால், அதிகம் விற்கும் இட்லிப் பொடியில்தான் லாபம் குறைவு!

அடுத்தது திருக்குறள். பொருட்பாலில் 48-வது அதிகாரம், வலியறிதல். உரையோடு படித்தாலும் ஒரு ஈடு இட்லி வேகிற நேரம்தான். சொந்தமாக அரவை மெஷின் வாங்கு, கடனுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று உறவுக்காரர் ஒருவர் நெருக்கிக்கொண்டிருந்தார். வரும்படி சிறியதானாலும் செலவு அதை மீறாவிட்டால் கெடுதலில்லை என்கிறது அந்த அதிகாரம். மயிலிறகேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியுமாம். மாதத் தவணையை நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஐப்பசி மழையில் மிளகாய் காயாது, விற்பனை பாதியாகும். அந்த மாதங்களில் தவணைக்கு எங்கே போவது? "இப்போ வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

டேல் கார்னகியின் புத்தகம் 1936-ல் அமெரிக்காவில் வந்தது. நண்பர்களைச் சம்பாதிப்பது பற்றிய அந்தப் புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது. உதாரணங்கள் நமக்கு அந்நியமாக இருக்கும். ஆனால் எதிராளியைப் பேசவிட்டுக் கேளுங்கள் என்ற பாடம் நம் வாசலுக்கும் பொருந்தும். "குழந்தைங்க காரம்னு தொடமாட்டேங்குது" என்று ஒரு வாடிக்கைக்காரர் குறைப்பட்டபோது மறுத்துப் பேசாமல், எவ்வளவு காரம் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். மிளகாய் குறைத்த தனிப் பாக்கெட் அப்படிப் பிறந்தது. இளம் தாய்மார்கள் இப்போது அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

மனசு சோர்ந்த நாளுக்கு டாக்டர் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. சொன்னதையே திரும்பச் சொல்வதுபோல் சில இடங்களில் தோன்றும். சோர்வு வந்தவளுக்கு அதுவும் வேண்டித்தான் இருக்கிறது. ஒரே வருஷத்தில் பணக்காரி ஆக்குகிறேன் என்கிற புத்தகங்களை நான் நூலகத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

தனியாக நேரம் ஒதுக்கிப் படிக்க எனக்கு முடிவதில்லை. கடலைப்பருப்பு ஆறும் வரை இரண்டு பக்கம், குக்கர் விசில் வரும் வரை ஒரு பக்கம், அவ்வளவுதான்.

வரும் ஆடியோடு கணக்கு நோட்டுக்கு ஒரு வருஷம் முடிகிறது. மெஷின் பேச்சை அப்போது எடுக்கலாம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.