அமிலம் வரைந்த ஊர்வலம்

பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் நகரில், சிப்பியும் முகமூடியும் விற்ற கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் என்சோர் (1860–1949). இயேசு பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் ஊர்வலமாக வருவதாகக் கற்பனை செய்து 1888-இல் பெரிய ஓவியம் ஒன்றைத் தீட்டினார். இரண்டரை மீட்டர் உயரம், நான்கு மீட்டருக்கு மேல் அகலம். அவரிடமே தங்கிவிட்ட அந்த ஓவியம் 1929-இல்தான் முதன்முதலாகப் பொதுக் கண்காட்சிக்கு வந்தது. ஆனால் ஊர்வலம் அதற்கு முன்பே தாளில் ஏறிப் புறப்பட்டுவிட்டது. 1898-இல் அதே காட்சியை, ஒரு முழ அகலம்கூட இல்லாத தகட்டில், எச்சிங் முறையில் வரைந்தார் என்சோர்.

எச்சிங்கில் உலோகத்தை அரிப்பது அமிலம். ஓவியர் அதற்கு வழிகாட்டுவதோடு சரி. மெருகேற்றிய செம்பு அல்லது துத்தநாகத் தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகும் பிசினும் நிலக்கீலும் சேர்ந்த கலவையை மெல்லிசாகப் பூசுவார்கள். பிறகு ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறி வரைவார்கள். உளியால் செம்பை வெட்டக் கை பழக வருடக்கணக்கில் ஆகும். மெழுகில் ஊசி தடையின்றி ஓடும். என்சோரின் நடுங்கித் துள்ளும் கோடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன்.

தகட்டின் பின்புறத்துக்கு வார்னிஷ் அடித்து நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால், கீறல்களில் குமிழி கிளம்பும். அது அங்கேயே தங்கினால் அரிப்பு சீராக இராது. அதனால் பறவை இறகால் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். மெல்லிய கோடுகள் போதுமான அளவு அரிபட்டதும் தகட்டை எடுத்து, அவற்றை வார்னிஷால் மூடி, மீண்டும் அமிலத்தில் விடுவார்கள். கூடுதல் நேரம் கிடந்த கோடு ஆழமாகும், நிறைய மை பிடிக்கும், கறுப்பாக விழும்.

பூச்சை நீக்கி, பள்ளங்களில் மை அப்பி, மேற்பரப்பை மஸ்லின் துணியால் துடைப்பார்கள். ஈரத் தாளை விரித்து, கம்பளி போர்த்தி, கரும்பாலை போன்ற இரட்டை உருளைகளுக்கிடையே செலுத்தினால் மை தாளில் ஏறிவிடும். விரலால் தடவினால் கோடு மேடாகத் தட்டுப்படும். படம் இடவலம் மாறி விழும் என்பதால், பதாகை எழுத்துகளைத் தகட்டில் திருப்பியே எழுத வேண்டும். என்சோரின் ஊர்வலத்திலோ பதாகைகளுக்குப் பஞ்சமில்லை.

பட்டாள வாத்தியக் குழு, முகமூடிகள், நெரிசல். நடுவே கழுதைமேல், ஒளிவட்டத்தோடு, மிகச் சிறியவராக இயேசு. பின்னால் போகப்போக முகங்கள் சில கீறல்களாகச் சுருங்கிவிடுகின்றன. அப்படியும் கூட்டம் அசைவது தெரிகிறது.

ஓவியங்கள் அழிந்துபோகுமே என்ற கவலையும் என்சோரை எச்சிங்கின் பக்கம் இழுத்தது. உலோகமும் தேயத்தான் செய்யும். 1886-இல் செய்த ‘கதீட்ரல்’ படத்துக்குப் பத்து வருடம் கழித்துப் புதுத் தகடு தயாரித்தார். ஊர்வலப் படத்தின் சில பிரதிகளுக்குத் தன் கையாலேயே வண்ணமும் தீட்டினார்.