ஐந்து கோடுகள் – 9: அடியில் ஓடும் இன்னொரு பாட்டு

ட்ரெபிள் கிளெஃப் பழகியவர்களுக்கு பேஸ் கிளெஃப்பில் முதலில் வரும் தடுமாற்றம் ஒன்றுதான். அடிக்கோட்டைப் பார்த்ததும் கை ‘ஈ’க்குப் போகிறது. இங்கே அது ‘ஜி’. “ட்ரெபிள் மாதிரியே படிச்சிட்டு ரெண்டு எழுத்து கூட்டிக்கோ” என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்த வழி வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தாளம் அடுத்த அட்சரத்துக்குப் போய்விடும்.

கிளெஃப்பின் இரண்டு புள்ளிகளைப் பாருங்கள். அவற்றுக்கு நடுவே ஓடும் நான்காவது கோடு ‘எஃப்’. ஐந்து கோடுகளுக்கும் மேலே சிறு துண்டுக்கோட்டில் உட்காருவது நடு ‘சி’. அந்த நடு ‘சி’யை மத்திய ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் சங்கராபரணம் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் சுலபம். நான்காவது கோடு மந்தர ஸ்தாயி மத்யமம். கீழிருந்து இரண்டாவது இடைவெளி மந்தர ஸட்ஜம். கோடுகளைக் கீழிருந்து ப நி ரி ம த என்றும், இடைவெளிகளை த ஸ க ப என்றும் பாடிப் பழகுங்கள். வாய் பாடினால் கண் பின்னாலேயே வந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டுக் கீழ் சுரங்களைப் படிப்பது எதற்கு? அதற்கு இடுக்கி மலைக்குக் கிழக்கே, அடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரத்துக்குப் போக வேண்டும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலையேறிப் பாடியவர் அவ்வூர்க்காரர் பாவலர் வரதராஜன். அண்ணனின் குழுவில் ஊர் ஊராகச் சுற்றிய தம்பி ராசய்யா பிறகு சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய நொட்டேஷன் கற்றார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அவர் இளையராஜா.

அவர் பாடல்களில் பேஸ் கிட்டார், கார்டின் மூல சுரத்தைத் தட்டிவிட்டு ஓய்வதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது நகரும். மெட்டு மேலேறினால் இது கீழே இறங்கும். பாக் எழுதிய இசையில் கேட்கும் இந்தக் குணத்தை நம் மெட்டுக்குள் இவ்வளவு இயல்பாகக் கொண்டுவந்தவர் வேறு யாரும் இல்லை என்பேன். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பை 1986-இல் அவர் காணிக்கையாக்கியதும் பொருத்தம்தான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவரே கைப்பட எழுதுவார். கலைஞர்கள் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். பேஸ் கலைஞர் முன்னால் இருக்கும் தாளில் நம் இரண்டு புள்ளிகள்தான்.

பேஸ் கிட்டாரின் திறந்த தந்திகள் நான்கு. ‘ஈ’ கோடுகளுக்குக் கீழே துண்டுக்கோட்டில், ‘ஏ’ முதல் இடைவெளியில், ‘டி’ நடுக்கோட்டில், ‘ஜி’ மேல் இடைவெளியில். எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும்; அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் வராது. நல்ல ஹெட்போன் போட்டு, பிடித்த இளையராஜா பாடல் ஒன்றில் பல்லவியின் பேஸை மட்டும் வாயால் பாடிப் பிடியுங்கள். பிடித்ததைக் கோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் இரு கிளெஃப்பையும் சேர்த்து வாசிப்போம்.

(தொடரும்)