மழைக்காலம் கழிந்து கிளப்பும் ஆயில் என்ஜின்: தடுமாற்றத்துக்குக் காரணம் காண்பது எப்படி?

நீர் இருப்பு போதிய அளவில் உள்ள ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் தேதி மூடப்படுவது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரை கடைமடை விவசாயிக்கு ஆயில் என்ஜினின் நினைவு வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அது கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அணை மூடியபின், பின்தங்கி நட்ட தாளடிப் பயிர் பூத்துப் பால் பிடிக்கும் சமயத்தில்தான் அதைத் தேடிப் போகிறார்கள். அப்போது வயல் காய்ந்தால் மணி பிடிக்காமல் பதராகும். என்ஜினோ கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் விட்டுவிட்டு அடிக்கிறது.

இந்த அவசரத்தில் பலர் நாசிலையும், சில சமயம் டீசல் பம்பையுமே மாற்றிவிடுகிறார்கள். இது பெரும்பாலும் வீண் செலவு. ஓடாமல் நிற்கும் என்ஜினில் எந்தப் பாகமும் தேய்வதில்லை. மழை தொடங்கும் முன் நன்றாக ஓடிய என்ஜின் இப்போது தடுமாறினால், இடைப்பட்ட நாட்களில் நீர், காற்று, துரு, தூசி ஆகியவற்றில் ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் செய்தல் வேண்டும்.

கிளப்புவதற்கு முன்

சைலன்சர் வாயையும் ஏர் கிளீனரையும் பார்க்க வேண்டும். குளவிகள் அங்கே மண்கூடு கட்டியிருக்கும்; எலி வைக்கோலை அடைத்திருக்கும். அளவுகோலை உருவி என்ஜின் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. அதை முழுவதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றாமல் கிளப்பக் கூடாது.

பிறகு டீ-கம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து, கைப்பிடியால் இருபது சுற்று மெதுவாகச் சுற்றினால் பேரிங்குகளுக்கு ஆயில் ஏறும். சுற்ற வராவிட்டால் முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது. சைலன்சர் வழியே மழைநீர் இறங்கி, பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். நாசிலைக் கழற்றி அத்துளையில் சிறிது என்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நாசிலைப் பூட்டாமலேயே மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

டீசலில் நீர், குழாயில் காற்று

பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து, துளித்துளியாக அடியில் சேரும். நீர் டீசலைவிடக் கனமானது. டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் டீசலைப் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் நீர் அடியில் தனியே தெரியும். தெளிந்த டீசல் வரும் வரை வடித்துவிட வேண்டும். பில்டர் கறுத்துக் குழைந்திருந்தால் புதிது போடுவது நலம்.

வடித்தபின் குழாயில் காற்று நிற்கும். விட்டுவிட்டு அடிப்பதற்கு முதல் காரணம் இதுவே. பில்டரின் மேல் உள்ள திருகைச் சிறிது தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வழிந்ததும் இறுக்க வேண்டும். அடுத்து டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். கடைசியாக நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்திக் கைப்பிடியைச் சுற்ற, டீசல் பீறிட்டு வரும், உடனே இறுக்கிவிடலாம். நாசில் பீய்ச்சும் இடத்தில் கையைக் காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கிளப்பும்போது கட்டைவிரலும் மற்ற விரல்கள் உள்ள பக்கமே இருக்கும்படி கைப்பிடியைப் பிடித்தால், அது திருப்பி அடித்தாலும் கை தப்பும். கொட்டகைக் கதவு திறந்திருக்க வேண்டும்.

புகை சொல்லும் செய்தி

கிளம்பியவுடன் சில நிமிடம் வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் நீடித்தால் டீசலில் இன்னும் நீர் இருக்கிறது. அல்லது கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. என்ஜினை நிறுத்தி, லீவரைப் போடாமல் கைப்பிடியை மெதுவாகச் சுற்றும்போது ஓரிடத்தில் பலமாக எதிர்க்க வேண்டும். எதிர்ப்பு இல்லையெனில் வால்வு துருவால் சிக்கியிருக்கலாம்.

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று அறியலாம். ஏர் கிளீனரைக் கழுவிப் பார்த்தும் கரும்புகை நிற்காவிட்டால்தான் நாசிலைப் பட்டறையில் சோதிக்க வேண்டும். நீலப்புகை, என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புகை சரியாக இருந்தும் வேகம் ஏறி ஏறி இறங்கினால், கவர்னர் கம்பி துருவால் இறுகியிருக்கும். துருவைத் துடைத்து, அசையும் இடங்களில் சில சொட்டு ஆயில் விட்டால் போதும்.

பழுது என்ஜினிலா, பம்பிலா?

பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தனியே சீராக ஓடி, பெல்ட் மாட்டியதும் திணறினால் குறை பம்பில் உள்ளது. உள்சக்கரம் துருவேறியிருக்கும், அல்லது கிளாண்டில் உள்ள கயிறு காய்ந்து இறுகியிருக்கும். இதை அறியாமல் என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

அடுத்த மழைக்கு முன்

நிறுத்தி வைக்கும் நாளில் பழைய ஆயிலை மாற்றி, டேங்கை முழுவதும் டீசலால் நிரப்பி வைத்தால் ஈரம் படிய இடமிராது. குளிர்விக்கும் நீரை வடித்துவிட வேண்டும். கைப்பிடி பலமாக எதிர்க்கும் இடத்தில் என்ஜினை நிறுத்தினால் இரு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரம் உள்ளே போகாது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைப்பிடியால் சில சுற்று சுற்றி, மீண்டும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் நேரம் ஒரு காலைப்பொழுது. பால் பிடிக்கும் பயிர், என்ஜின் சீராகும் வரை காத்திராது. அணை மூடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே என்ஜினைக் கிளப்பிப் பார்த்துவிடும் விவசாயிக்குத் தண்ணீரும் தவறாது, நெல்லும் பதராகாது.