மேல்மாடி வீட்டின் வெயில்

அம்பத்தூரை ஒட்டிய அத்திப்பட்டு, பூந்தமல்லி பக்கத்துக் கூடப்பாக்கம் போன்ற இடங்களில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் உள்ளன. மக்கள் பேச்சில் அவை இன்றும் ‘ஹவுசிங் போர்டு’தான். உண்மையில் அவை 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் குடியிருப்புகள்; அந்த வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இத்தகைய கட்டடங்களில் கோடை எல்லா வீட்டையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. உச்சி மாடியில் இருப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். அந்த வீடுகளின் சூட்டைத் தணிப்பது செலவு மிகுந்த வேலையல்ல. ஆனால் அதைக் குடியிருப்பவர் தனியாகச் செய்துகொள்ள முடியாது.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியிலிருந்து அது அதிகம் விலகுவதில்லை. அதனால் கோடை முழுவதும் சுவர்களைவிட மொட்டை மாடிதான் வெயிலை வாங்குகிறது. தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் இறங்கும். பூச்சு இல்லாத கான்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். மதியம் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுவதும் உண்டு.

அந்தச் சூடு உடனே வீட்டுக்குள் வந்துவிடாது. கான்கிரீட்டைக் கடந்து கீழ்ப்பக்கத்தை எட்டச் சில மணி நேரம் பிடிக்கும். வெளியே வெயில் தாழ்ந்த பிறகு உள்ளே கூரை தகிக்கத் தொடங்குவது இதனால்தான். இரவு எட்டு மணிக்குக் கட்டிலின் மேல் ஏறிக் கூரையைத் தொட்டால் கையில் சூடு தெரியும். மின்விசிறி அந்தக் கூரையை ஒட்டிய காற்றையே கீழே தள்ளுகிறது. மெரினாவுக்கு மதியமே வந்துவிடும் கடற்காற்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை எட்டத் தாமதமாகும். சில நாள் எட்டாமலே போகும். 2003 மே 31 அன்று, இவற்றைவிடக் கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது.

விசிறிக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய வகை விசிறி 75 வாட் எடுக்கும். அது இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் 108 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சூடான வீட்டில் ஒற்றை விசிறியே அதைத் தாண்டிவிடுகிறது. 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறிக்கு அதே நேரத்துக்கு 43 யூனிட் போதும். ஆனாலும் அதுவும் சூடான காற்றைத்தான் சுழற்றும்.

மொட்டை மாடிச் சூட்டுக்கு இந்த ஊர் கொத்தனார்கள் முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். மர உத்திரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பதும் வழக்கம். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற இந்தக் கூரை மழையையும் வெயிலையும் ஒருசேரத் தடுத்தது. கான்கிரீட் வந்த பிறகும் அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லித் தளம் போடும் பழக்கம் தொடர்ந்தது. கட்டடக்காரர்கள் அதை ‘வெதரிங் கோர்ஸ்’ என்பார்கள். இந்த அடுக்கு மெலிந்தாலோ விரிசல் விட்டாலோ மழைக்காலத்தில் ஒழுகும், கோடையில் தகிக்கும்.

இன்று மலிவான தீர்வு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. புதிதாக அடித்த நல்ல பூச்சு வெயிலில் 80 விழுக்காடு வரை திருப்பிவிடும். ஆயிரம் வாட்டில் இருநூறைத்தான் தளம் உறிஞ்சும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையக்கூடும். அம்பத்தூரில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியின் கூரையில் இது முன்னோட்டமாகச் செய்யப்பட்டது.

பூச்சு நிற்பது பெயின்ட் டப்பாவைவிடத் தளத்தைத் தயார்செய்வதில்தான் இருக்கிறது. பாசியைச் சுரண்டி, தளத்தைக் கழுவிக் காயவிட்டு, விரிசல்களை அடைத்து, பிரைமர் அடித்த பிறகே பூச்சு. அதுவும் இரண்டு கோட், ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று. ஈரம் இருந்தால் சீக்கிரமே உரிந்து வரும். தொழிற்பேட்டையும் லாரிப் போக்குவரத்தும் உள்ள அம்பத்தூரில் தூசி படிந்து வெண்மை மங்கும். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறை கழுவாவிட்டால் போட்ட பணத்துக்கு முழுப் பலன் கிடைக்காது.

அடுத்த படி வெப்பக்காப்பு. புதிய குடியிருப்புகளுக்காக 2018இல் வந்த மத்திய அரசின் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கடக்கும். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நுரைப் பலகை பதித்தாலே வரம்பை நெருங்கிவிடலாம்.

நான்கு மாடிக் கட்டடத்தில் கூரைப் பூச்சின் நேரடிப் பயன் கால்வாசி வீடுகளுக்குத்தான். கீழ்மாடிகளுக்கு எதிரி மேற்குச் சுவர். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுக்காது. அங்கே பக்கவாட்டுத் தடுப்பு, ‘ஜாலி’ எனப்படும் துளைத் தடுப்பு, மரநிழல் ஆகியவைதான் உதவும். வியர்வை காய எதிரெதிர்த் திறப்புகள் வேண்டும். நடுவில் நடைபாதையும் இருபுறமும் வீடுகளுமாகக் கட்டினால் காற்று குறுக்கே போக வழியில்லை. கதவுக்கு மேல் வென்டிலேட்டர் வைப்பது கொஞ்சம் ஈடுசெய்யும்.

இந்த வேலைகளுக்கு அரசுப் பணம் எப்படிப் போகலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1976இல் ஏழைகளின் வீடுகளைச் செப்பனிடும் கூட்டாட்சித் திட்டம் தொடங்கியது. குளிர்ப் பகுதிகளில் இடுக்குகளை அடைப்பது அதன் முக்கிய வேலை. சென்னைக்கு அந்த வேலை பொருந்தாது. பணம் போகும் முறை பொருந்தும். அங்கே அடுக்குமாடியில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் தகுதி பெற்றால் கட்டடம் முழுவதையும் செப்பனிடலாம். அந்த வேலையைக் காட்டி உரிமையாளர் குறிப்பிட்ட காலம் வாடகையை உயர்த்தக் கூடாது. இந்தியாவில் தெலங்கானா 2023இல் வெயிலைத் திருப்பும் கூரைகளுக்கான குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டு, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரை என்று இலக்கு வைத்தது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

மொட்டை மாடி தனி வீட்டின் சொத்தல்ல. உச்சி மாடிக் குடும்பம் பணம் சேர்த்தாலும் கட்டடம் முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். கீழ்மாடிக்காரருக்கோ நேரடி லாபம் இல்லை. வாரியக் குடியிருப்புகளில் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தின் கீழ் சங்கங்கள் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு அரசும் பங்கு தருகிறது. தளத்தைக் கழுவும் செலவை அதில் சேர்த்துவிடலாம். பூச்சையும் வெப்பக்காப்பையும் வாரியமே மொத்தமாகச் செய்ய வேண்டும்.

தனியார் வாடகைக் கட்டடங்களில் சிக்கல் பெரிது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் பலர் அத்தகைய வீடுகளில்தான் இருக்கிறார்கள். கூரை உரிமையாளருடையது, வெக்கையும் கரன்ட் பில்லும் குடியிருப்பவருடையவை. அங்கே மானியம் போவதானால் வாடகை உயராது என்ற நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அரசுப் பணத்தில் குளிர்ந்த வீடு கூடுதல் வாடகை தரக்கூடிய வேறொருவர் கைக்குப் போய்விடும்.